நிவாரண வேலைக்குப் போறவங்களைத் தியாகி ஆக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, வெளிநாட்டு நிவாரண அமைப்புகள்ல வேலைக்குப் போற நம்ம ஊர்ப் பிள்ளைங்களைப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்ல விஷயம், இப்படி ஒரு வேலை இருக்கறதே நெறைய பேருக்குத் தெரியாது, நர்சிங் சிவில் ஃபார்மசி அக்கவுண்ட்ஸ் எது படிச்சவங்களுக்கும் இதுல இடம் இருக்குன்னு எழுதினது ரொம்ப உபயோகம். ஆனா கட்டுரை முழுக்க தியாகம், அர்ப்பணிப்பு, சொகுசை உதறிட்டுப் போனவங்கன்னே வந்ததை என்னால ஏத்துக்க முடியல. நான் தென் சூடான்ல தண்ணி, சுகாதாரம் பாக்கற பிரிவுல இன்ஜினியரா இருக்கேன், இப்ப லீவுல நாகப்பட்டினத்துல வீட்ல இருக்கேன், படிச்சதும் எழுதணும்னு தோணிச்சு. கொஞ்சம் நீளமா போகும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

இது வேலை சார். மாசாமாசம் சம்பளம் வருது, நம்ம ஊர்ல இதே படிப்புக்குக் கிடைக்கறதைவிட நல்ல சம்பளம்தான், வீட்டுக் கடனை அடைச்சிருக்கேன், தம்பியைப் படிக்க வெச்சிருக்கேன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் எதுவும் இல்ல. கஷ்டமும் ஆபத்தும் இருக்குதான், ஆனா கல்ஃப்ல வேகாத வெயில்ல கம்பி கட்டற அண்ணனுக்கும் இருக்கு, நடுக்கடல்ல வலை இழுக்கற எங்கப்பாவுக்கும் இருந்துச்சு, அவங்களை யாரும் தியாகின்னு எழுதறதில்ல. நான் இதைப் பெருசா எடுத்துக்கறதுக்குக் காரணம் இருக்கு. தியாகம் பண்ணப் போறோம்னு நெனச்சுக் கெளம்பற பொண்ணு இன்சூரன்ஸ் பேப்பரைப் படிக்கறதில்ல, உடம்புக்கு முடியலன்னா யார் விமானம் அனுப்புவாங்கன்னு கேக்கறதில்ல, லீவு கேக்கவே வெக்கப்படறா. அதைவிட மோசம், நாம குடுக்கறவங்க அவங்க வாங்கறவங்கன்னு மனசுல பதிஞ்சு போயிடுது, அந்த நெனப்போட போறவங்க அங்க வருஷக் கணக்குல இருந்தாலும் ஒட்ட மாட்டாங்க.

எனக்கு இது இவ்வளவு உறைக்கக் காரணம், நாங்க வாங்கற பக்கத்துல நின்னவங்க. 2004 டிசம்பர் 26 சுனாமில நாகை மாவட்டத்துல மட்டும் 6000 பேருக்கு மேல போயிட்டாங்க. நான் அப்ப ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன், எங்க குடும்பம் தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்புல இருந்துச்சு, பகல்ல உள்ள உக்கார முடியாது அப்படி ஒரு அனல். லாரி லாரியா பழைய துணி வந்து ரோட்டோரம் கொட்டிக் கெடந்துச்சு, கிழிஞ்சது, சாயம் போனது, கம்பளி ஸ்வெட்டர்கூட இருந்துச்சு, எங்கம்மா ஒண்ணைக்கூடத் தொடல. மீன் வித்த காசுல புடவை எடுத்துக் கட்டினவங்க, அந்தக் குவியல்ல எப்படிக் கைய விடுவாங்க. அனுப்பினவங்க நல்ல மனசோடதான் அனுப்பினாங்க, ஆனா உங்களுக்கு என்னம்மா வேணும்னு ஒருத்தரும் கேக்கல. அதே சமயத்துல தண்ணி டேங்க் வைக்க ஒரு வெளியூர் அக்கா வந்தாங்க, எங்க ஊர்ப் பொம்பளைங்களை உக்கார வெச்சு, எங்க வெச்சா வசதி, ராத்திரி யாரு வந்து பிடிப்பா, வயசானவங்க எவ்வளவு தூரம் தூக்கிட்டு நடப்பாங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டு எழுதிட்டுத்தான் எடத்தைக் குறிச்சாங்க. அந்த அக்கா பேருகூட எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா நான் சிவில் எடுத்து தண்ணிப் பக்கம் போனதுக்கு அவங்கதான் காரணம்.

நான் வேலை பாக்கற ஊர் பெந்தியு. தென் சூடான் 2011 ஜூலை 9-ல பிறந்த நாடு, உலகத்துலயே இளைய நாடு. 2013 டிசம்பர்ல உள்நாட்டுப் போர் வந்துடுச்சு, உயிர் தப்பிக்க ஜனங்க ஐ.நா. அமைதிப்படை முகாம் வேலிக்குள்ள ஓடி வந்தாங்க, அப்படி உருவானதுதான் பெந்தியு முகாம், ஒரு கட்டத்துல ஒரு லட்சம் பேருக்கு மேல அதுக்குள்ள இருந்தாங்க. 2018 செப்டம்பர்ல சமாதான ஒப்பந்தம் போட்டாங்க, நெறைய பேர் ஊர் திரும்பலாம்னு இருந்தப்ப 2021-ல வெள்ளம் வந்துச்சு. நம்ம ஊர் வெள்ளம் மாதிரி ரெண்டு வாரத்துல வடியறது இல்ல, வந்த தண்ணி வருஷக்கணக்கா அப்படியே நிக்குது, அந்தப் பக்கம் முழுக்க சுட்னு சொல்ற பெரிய சதுப்பு நிலம், தண்ணி போக வாட்டமே கிடையாது. முகாமைச் சுத்தி மண் கரை போட்டு வெச்சிருக்காங்க, கரைக்கு வெளிய நிக்கற தண்ணி மட்டத்தைவிட உள்ள ஜனம் படுக்கற தரை கீழ இருக்கு. மேயற நெலம் மூழ்கிடுச்சு, மாடுதான் அவங்க சொத்து, கௌரவம், கல்யாணச் சீர் எல்லாம், அந்த மாடுங்க செத்துப் போச்சு. பொம்பளைங்க இடுப்பளவு தண்ணில எறங்கி அல்லிக் கிழங்கும் அல்லி விதையும் பறிச்சு இடிச்சு சாப்பிடறாங்க.

அங்க போய்ச் சேர்றதே ஒரு பாடு. தலைநகர் ஜூபாவுல இருந்து ஐ.நா. உணவுத் திட்டம் நடத்தற சின்ன விமானத்துல போகணும், பையை எடை போட்டுத்தான் ஏத்துவாங்க, அதனால ஊறுகாயா புத்தகமான்னு அங்கயே முடிவு பண்ண வேண்டியிருக்கும். மழைக்காலத்துல விமானம் எறங்குமான்னு கடைசி நிமிஷம் வரைக்கும் தெரியாது, மண் அப்படி, நம்ம விருதுநகர், கோவில்பட்டி பக்கம் இருக்கற மாதிரி அசல் கரிசல், காஞ்சா பாளம் பாளமா வெடிக்கும், நனைஞ்சா லேண்ட் குரூஸரையே முழுங்கிடும். நாங்க தங்கறது அமைதிப்படை முகாமுக்குள்ள இருக்கற குடியிருப்புல, கன்டெய்னர் ரூம், சில பேருக்கு டென்ட். ஜெனரேட்டர் ஓடற வரைக்கும் ஃபேன், அது நின்னா கொசுவலைக்குள்ள வேர்த்து ஊத்தும். கக்கூஸ் தனியா தள்ளி இருக்கும், ராத்திரி போகணும்னா பாம்புக்குப் பயந்து டார்ச் அடிச்சு ஷூவை உதறிப் போட்டுட்டுத்தான் போகணும். குப்பை மேட்டுல ஆள் உயரத்துக்கு மராபு நாரைங்க நிக்கும், வழுக்கைத் தலையோட, முதல்ல பாக்கறப்ப வயித்தைக் கலக்கும், அப்புறம் பழகிடும்.

சாயங்காலம் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல வெளிய போகக் கூடாது, ராத்திரி வாக்கி டாக்கில ஒவ்வொருத்தர் அடையாளப் பேரையும் கூப்பிடுவாங்க, இருக்கேன்னு பதில் சொல்லணும், சொல்லலன்னா தேடி வருவாங்க. கட்டில் பக்கத்துல எப்பவும் ஒரு பை தயாரா இருக்கும், பாஸ்போர்ட், தண்ணி, டார்ச், பவர் பேங்க், மருந்து, கொஞ்சம் டாலர், ஓடச் சொன்னா அதை மட்டும் எடுத்துட்டு ஓடணும். கெளம்பறதுக்கு முன்னாடி சில நாள் பயிற்சி குடுப்பாங்க, செக்போஸ்ட்ல எப்படி நடந்துக்கணும், துப்பாக்கி சத்தம் கேட்டா எங்க படுக்கணும், ரத்தம் வந்தா எப்படிக் கட்டணும்னு. அந்தப் பயிற்சியைத் தயவுசெஞ்சு யாரும் லேசா எடுத்துக்காதீங்க.

இதெல்லாம் உடம்பு பழகறது, சீக்கிரம் பழகிடும். மனசு பழகறதுதான் நாளாகும். முதல் சில மாசம் எனக்கு அந்தக் குடியிருப்புதான் பெரிய கஷ்டமா இருந்துச்சு, வெளிய இருந்த முகாம் இல்ல. பத்துப் பன்னெண்டு நாட்டு ஆளுங்க ஒரே எடத்துல தின்னு ஒரே எடத்துல தூங்கி அதே முகத்தையே மூணு வேளையும் பாக்கணும், ஆஃபீஸ் சண்டை சாப்பாட்டு மேசைக்கும் வரும், தனியா அழணும்னாகூட எடம் கிடையாது. சில பேர் குடியில எறங்கிடறாங்க, சில பேர் வேலையிலயே புதைஞ்சு போய் ஒரு நாள் எழுந்திருக்க முடியாம விழுந்துடறாங்க. நல்லா வேலை பாக்கறவங்கதான் அதிகமா விழறாங்க, ஏன்னா தியாகம் பண்ண வந்த எடத்துல முடியலன்னு சொல்றது தப்புன்னு நெனச்சுக்கறாங்க. ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை கட்டாய ஓய்வு குடுத்து வெளிய அனுப்புவாங்க, அதை எடுக்காம தள்ளிப் போடறவங்களை எங்க சீனியர் ஒருத்தர் வலுக்கட்டாயமா விமானம் ஏத்துவார், இப்ப நானும் அதையேதான் என் டீமுக்குச் செய்யறேன்.

என்னை அந்த ஊர்ல நிக்க வெச்சது எங்க பம்ப் ஆபரேட்டர். அந்த ஊர்க்காரர், நுவேர் இனம், என்னைவிட ரொம்பப் பெரியவர், பேர் போட வேண்டாம். போன முதல் வாரம் நான் லேப்டாப்பைத் தொறக்கறதுக்கு முன்னாடி வா போலாம்னு கூட்டிட்டுப் போனார், முகாம்ல இருக்கற குழாயடி ஒவ்வொண்ணா நடந்தே காட்டினார். எந்தக் குழாய்ல விடிகாலைல கூட்டம், எதுல சாயங்காலம், எந்தக் குழாயடிக் கமிட்டி அம்மா கறாரானவங்க, எந்த எடத்துல ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல பழைய பகை இருக்கு, அதனால அங்க வரிசையை ரெண்டாப் பிரிச்சு வெச்சிருக்கு, இதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். எந்த மேப்லயும் இது இல்ல. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 15 லிட்டர், ஒரு குழாய்க்கு 250 பேர், ஒரு கக்கூஸுக்கு 20 பேர்னு ஸ்ஃபியர்னு சொல்ற சர்வதேச அளவு ஒண்ணு இருக்கு, நான் அதை மனப்பாடமா வெச்சிருந்தேன். எந்தக் குழாயடில அந்தப் 15 லிட்டர் நெஜமா வீடு போய்ச் சேருதுன்னு அவருக்குத்தான் தெரியும்.

வேலைன்னு பாத்தா பாதிப் பொழுது குளோரின்தான். கலங்கல் தண்ணியில படிகாரம் போட்டு மண்ணைத் தெளிய வெச்சு, அப்புறம் குளோரின் கலந்து டேங்க்ல ஏத்தணும், குழாய்ல வர்றப்ப லிட்டருக்கு 0.2-ல இருந்து 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்கணும்ங்கறது பொதுவான கணக்கு. சின்னக் குழாய்ல தண்ணி பிடிச்சு ஒரு மாத்திரை போட்டா ரோஸ் கலர் வரும், கலர் எவ்வளவு அடர்த்தின்னு பாத்துச் சொல்லணும். ஆனா ஜனம் அந்தத் தண்ணியைக் குழாயடில நின்னா குடிக்கறாங்க, 20 லிட்டர் கேன்ல பிடிச்சு வீட்ல வெச்சு மறுநாள் வரைக்கும் குடிக்கறாங்க, அந்த வெயிலுக்கு குளோரின் அதுக்குள்ள காணாமப் போயிடும். அதனால நாங்க வீடு வீடாப் போய் கேன்ல இருக்கற தண்ணியையும் பாப்போம். ஒரு வீட்ல ஒரு அம்மா என்னைப் பாத்து முதல்ல தண்ணியைக் குடிச்சுக் காட்டுன்னாங்க. நான் குடிச்சேன். அதுக்கப்புறம்தான் கேன் மூடியைத் தொறக்க விட்டாங்க, நான் மாத்திரையைப் போடறதைப் பக்கத்துலயே நின்னு பாத்துட்டு, கலர் வரலையே இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டாங்க, சொன்னேன், அப்ப கேனை மணல் போட்டுக் குலுக்கிக் கழுவினா குளோரின் நிக்குமான்னு அவங்களே அடுத்த கேள்வியைக் கேட்டாங்க. பாசி பிடிச்ச கேன்ல குளோரின் சீக்கிரம் செத்துடும்ங்கறது புத்தகத்துல இருக்கற விஷயம், அவங்க அஞ்சு நிமிஷத்துல அதைப் பிடிச்சுட்டாங்க. இவங்களைத்தான் நாம கையேந்தி நிக்கற ஜனம்னு போட்டோ போடறோம்.

பெந்தியுல ஹெபடைட்டிஸ் ஈ, அதாவது அசுத்தத் தண்ணியால வர்ற ஒரு வகை மஞ்சக்காமாலை, திரும்பத் திரும்ப வந்துட்டே இருந்துச்சு, கர்ப்பிணிங்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. 2022-ல எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் அந்த நாட்டு சுகாதாரத் துறையும் சேந்து முகாம் ஜனங்களுக்குத் தடுப்பூசி போட்டாங்க, நோய் பரவிட்டிருக்கறப்பவே அந்த ஊசியைக் கூட்டமா போட்டது உலகத்துலயே அதுதான் முதல் தடவை. அதுக்கு வீடு வீடாப் போய்ப் பேசினது யாருன்னா முகாம்லயே இருக்கற பொண்ணுங்க, பசங்க. செய்தில டாக்டர்ங்க வருவாங்க, இவங்க வர மாட்டாங்க.

சாப்பாடு பத்தி எங்கம்மா கேட்ட மாதிரி எல்லாரும் கேக்கறாங்க. "அங்க யாருடி உனக்கு சமைக்கிறா, சோறு கிடைக்குமா"ன்னு போன் பண்றப்பல்லாம் அதேதான். கிடைக்கும், உகாண்டா அரிசி, பருப்பு, பீன்ஸ், சப்பாத்தி, மெஸ்ல இதெல்லாம் உண்டு. ஆனா ஊர்க்காரங்களோட உக்காந்து சாப்பிடாம அங்க ஒட்டவே முடியாது, இதை நான் உறுதியாச் சொல்வேன். சோளமாவுக் களி, அதை அசிதான்னு சொல்வாங்க, ஒரே தட்டு, எல்லாரும் வலது கையால உருட்டி வெண்டைக்காய்க் குழம்புல தோச்சு சாப்பிடணும், ஸ்பூன் கேட்ட ஆளுங்களை எனக்குத் தெரியும், கையால சாப்பிட்டு வளந்த நமக்கு அங்க பெரிய சௌகரியம். வெள்ளத்துக்கப்புறம் மாடு மேய்ச்ச ஜனம் மீனுக்கு மாறிட்டாங்க. கெளுத்தியும் திலேப்பியாவும் பொளந்து கீறல் போட்டு வெயில்ல காயப் போடறாங்க, ஈ மொய்ச்சுப் பாதி வீணாகும். நான் ஒரு நாள் கரைமேல உக்காந்து அவங்களோட மீனைக் கீறினேன், உப்பு எவ்வளவு, எந்த நேரத்துல திருப்பிப் போடணும்னு எங்க பாட்டி செய்யற மாதிரி செஞ்சேன், அங்க உப்பு வெலை அதிகம், அதனால நம்ம முறை அப்படியே நடக்காதுன்னு அவங்க எனக்கு எடுத்துச் சொன்னாங்க. அன்னைக்கு இருந்து அந்தப் பக்கம் போனா இன்ஜினியர்னு கூப்பிட மாட்டாங்க, மீன்காரப் பொண்ணு வந்துட்டான்னு சத்தம் போடுவாங்க.

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம். 2016 ஜூலைல ஜூபாவுல சண்டை வெடிச்சப்ப நம்ம அரசு ஆபரேஷன் சங்கட் மோச்சன்னு பேர் வெச்சு விமானப்படையோட ரெண்டு சி-17 பெரிய விமானத்தை அனுப்பி 150 பேருக்கு மேல திருவனந்தபுரம் வழியா கூட்டிட்டு வந்துச்சு. நான் அப்ப அங்க இல்ல, ஆனா இந்தியன் பாஸ்போர்ட் கையில இருக்கறவளுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம்னு தெரியும், ரொம்ப நன்றியோடதான் சொல்றேன். அதே நேரத்துல எங்க பம்ப் ஆபரேட்டருக்கு எந்த விமானமும் வராது. நெலமை மோசமானா எங்களைத்தான் முதல்ல ஏத்துவாங்க, அவர் குடும்பத்தோட அங்கயேதான் இருப்பார், மறுநாள் காலைல பம்பையும் ஓட்டுவார். கட்டாய ஓய்வும் பெரும்பாலும் எங்களுக்குத்தான், சம்பளமும் வேற அளவு. 2024-ல உலகம் முழுக்க 383 நிவாரண ஊழியர்கள் கொல்லப்பட்டாங்கன்னு ஐ.நா. சொல்லுச்சு, அதுவரைக்கும் எந்த வருஷத்துலயும் அவ்வளவு பேர் போனதில்ல, அதுல மிகப் பெரும்பாலானவங்க அந்தந்த நாட்டுக்காரங்க. 2003 ஆகஸ்ட் 19-ல பாக்தாத்ல ஐ.நா. அலுவலகம் இருந்த ஹோட்டல்ல குண்டு வெச்சதுல ஈராக்குக்கான ஐ.நா. சிறப்புத் தூதர் செர்ஜியோ வியேரா டி மெல்லோவோட சேத்து 22 பேர் செத்தாங்க, அந்த நாளைத்தான் உலக மனிதநேய தினமா வெச்சிருக்காங்க, வருஷா வருஷம் நீங்களும் அன்னைக்கு ஒரு செய்தி போடறீங்க. அடுத்த ஆகஸ்ட்ல தயவுசெஞ்சு உள்ளூர் ஊழியர்களைப் பத்தி எழுதுங்க. அந்தக் கட்டுரையில நம்மாளு ஒருத்தர்கூட இல்லன்னாலும் பரவாயில்ல.

போகணும்னு ஆசைப்படற பிள்ளைங்களுக்கு, பயமுறுத்தறதுக்காக இதெல்லாம் எழுதல, போங்க, நல்ல வேலை, நான் இதை விட்டுட்டு வேற வேலைக்குப் போகறதா இல்ல. ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேளுங்க. இன்சூரன்ஸ் போர்ப் பகுதிக்கும் செல்லுமா, அவசர சிகிச்சைக்கு எந்த ஊருக்குக் கொண்டு போவாங்க, செலவு யாரோடது, ஓய்வு எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை, மனசுக்கு முடியலன்னா பேச ஆள் வெச்சிருக்காங்களா, பொம்பளைங்களுக்குத் தனிக் கக்கூஸ், உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ரூம் இருக்கா, தொந்தரவு குடுக்கறவன் மேல புகார் குடுக்க வழி என்ன. இதுக்கு மழுப்பற அமைப்புக்குப் போகாதீங்க, எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் சரி. ஒப்பந்தம் பெரும்பாலும் சில மாசம் இல்ல ஒரு வருஷம்தான், பணம் குடுக்கற நாடு கைய விரிச்சா வேலையும் போயிடும். 2025 ஜனவரில அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வெச்சு, ஜூலைல அந்த உதவியைக் குடுத்துட்டிருந்த யுஎஸ்எய்ட் அமைப்பையே மூடினப்ப ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே ராத்திரில வேலை போச்சு, அதுலயும் உள்ளூர் ஆளுங்கதான் அதிகம். அதனால சேமிப்பு இல்லாம இதுல எறங்காதீங்க, கல்யாணச் செலவு, வீட்டு லோன் எல்லாத்தையும் இந்தச் சம்பளத்தை நம்பி ஏத்தாதீங்க.

மருந்து விஷயம் ஒண்ணு. தென் சூடானுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்றிதழ் கட்டாயம், சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க, போட்டு 10 நாள் கழிச்சுத்தான் அது செல்லும், அதனால டிக்கெட் போட்டுட்டுக் கடைசி வாரம் ஓடாதீங்க. மலேரியாவுக்கு டாக்டர் சொல்ற மாத்திரையை ஊர் திரும்பின பிறகும் சொன்ன நாள் வரைக்கும் போடணும், நெறைய பேர் ஏர்போர்ட்ல எறங்கினதுமே நிறுத்திடறாங்க. வந்த பிறகு காய்ச்சல் வந்தா டெங்குவா இருக்கும்னு வீட்லயே படுக்காம, ஆப்பிரிக்கால இருந்து வந்திருக்கேன், மலேரியா டெஸ்ட் எடுங்கன்னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க, அங்க இருக்கற வகை ரெண்டு மூணு நாள்ல மூளைக்கே ஏறிடும்.

அப்புறம் பெத்தவங்களுக்கு. பிள்ளை திரும்பி வர்றப்ப கொஞ்ச நாள் பேசாம இருந்தா விட்டுடுங்க. சொந்தக்காரங்க கூடி சம்பளம் எவ்வளவு, யு.என்.லயா இருக்க, மாப்பிள்ளை பாக்கலாமான்னு கேக்கறப்ப பதில் சொல்லத் தெம்பு இருக்காது. நான் வந்த முதல் வாரம் சாயங்காலம் ஆனா வீட்ல இருக்கறவங்க ஒவ்வொருத்தரா எங்க இருக்காங்கன்னு போன் போட்டுக் கேட்டுட்டே இருப்பேன், தம்பி எரிச்சலாவான், எங்கம்மா மட்டும் ஒண்ணும் கேக்காம பதில் சொல்லிட்டுப் போவாங்க. அது போதும் எனக்கு.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க கட்டுரை வந்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் ஒரு மெசேஜை அனுப்பி இது நெஜமா அக்கான்னு கேட்டான், ஐ.நா. முத்திரையெல்லாம் போட்டு, ஆப்பிரிக்கால வேலை, விசா செலவுக்கு முன்பணம் கட்டுங்கன்னு இருந்துச்சு. ஐ.நா. ஆகட்டும் ஒழுங்கான நிவாரண அமைப்பு ஆகட்டும், விண்ணப்பத்துக்கோ இன்டர்வியூவுக்கோ பயிற்சிக்கோ ஒரு ரூபாய்கூட வாங்காது. ஏஜென்ட்னு யாராவது வந்தா வெளியுறவுத் துறையோட இ-மைக்ரேட் தளத்துல பதிவு பெற்ற ஏஜென்டான்னு பாத்துடலாம். தென் சூடான் போற எல்லாரும் பட்டதாரிங்க இல்ல, டிரைவர், சமையல், மெக்கானிக் வேலைக்கும் நம்மாளுங்க போறாங்க, பத்தாவது பாஸ் பண்ணாதவங்களுக்கு அந்த நாட்டுக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ்னு சொல்ற நம்ம அரசோட அனுமதியும் வேணும், அது இல்லாம அனுப்பறேன்னு சொல்றவன் ஏமாத்தறான். இந்தப் பகுதியை மட்டுமாவது உங்க வேலைவாய்ப்புப் பக்கத்துல தனியா கட்டம் கட்டிப் போடுங்க, அந்தப் பையன் இன்னும் பணம் கட்டல, கட்டினவங்க நம்ம மாவட்டத்துலயே இருப்பாங்க.

எங்க அமைப்பு விதிப்படி பத்திரிகைக்குப் பேர் போட்டு எழுத அனுமதி வாங்கணும், அதனால பேர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்